கைக்கு வராத சரக்கு

பெரியகுளத்திலிருந்து வடுகபட்டி, மேல்மங்கலம் வழியாகப் போனால் ஜெயமங்கலம் வரும். வராக நதியின் தயவில் நெல்லும் வாழையும் தென்னையும் விளைகிற ஊர். என் அக்காள் வாழ்க்கைப்பட்ட ஊரும் அதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே போயிருந்தபோது, அக்காள் மகன் ஜவுளி வியாபாரம் ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார்கள்.

"கடையைக் காட்டடா, பார்ப்போம்" என்றேன்.

"இதுதான் மாமா கடை" என்று கைப்பேசியை நீட்டினான்.

"சரக்கு?"

"சரக்கு சூரத்துல இருக்கு. நம்ம கையில எதுக்கு மாமா? படத்தைப் போடுவேன். ஆர்டர் வந்ததும் அங்க சொல்லுவேன். அவுங்களே நேரா அனுப்பிடுவாங்க. நடுவுல நிக்கிற லாபம் நமக்கு."

இதற்கு டிராப் ஷிப்பிங் என்று பெயராம். முதல் இல்லை, கிடங்கு இல்லை, கணக்குப்பிள்ளை இல்லை. அடடா, இப்படியும் ஒரு தொழிலா என்று எனக்கே ஒரு கணம் ஆசை தட்டியது. கதை எழுதுகிறவனுக்கும் கையில் சரக்கு கிடையாதல்லவா!

ஆனால் யோசித்துப் பார்த்தால் இது அப்படியொன்றும் புதிய தொழில் அல்ல. கண்ணால் பாராத சரக்கை, முகம் தெரியாத ஆளிடமிருந்து தபாலில் வாங்கும் வழக்கம் நம் நாட்டில் 1877-லேயே வேர்விட்டுவிட்டது. அந்த வருஷந்தான் தபால் இலாகா வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. சரக்கைத் தபால்காரர் கொண்டுவருவார். பணத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் பார்சலை வாங்கிக்கொள்ள வேண்டும். பணம் விற்றவருக்குப் போய்ச் சேரும். பட்டணத்துக் கடைவீதி பட்டிக்காட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஆனால் பணம் கொடுத்த பிறகுதானே பார்சலைப் பிரிக்க முடியும்? கடிகாரத்துக்குப் பணம் கட்டி விளையாட்டுச் சாமானைப் பெற்றவர்களின் கதை நம் தாத்தாக்களின் திண்ணைப் பேச்சில் தவறாமல் உண்டு.

சர்க்காரும் இதை அறியாமலில்லை. உண்மையான ஆர்டரின் பேரில்தான் அனுப்புகிறேன் என்று அனுப்புகிறவர் உறுதி சொல்ல வேண்டுமென விதி செய்தார்கள். 1898-ஆம் வருஷத்துத் தபால் சட்டத்திலும் இதற்கு இடம் கொடுத்தார்கள். கைக்கு எட்டாத சரக்கு என்றால் அங்கே சட்டம் ஒன்று காவல் நிற்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

இந்தத் தொழிலில் யோக்கியர்களே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். எஸ்.எஸ்.வாசன் அவர்கள் இளமையில் தபால் மூலம் சாமான் விற்கும் தொழிலிலும் விளம்பரத் தொழிலிலும் இறங்கியவர்தான். பிறகு 1928-ல் ஆனந்த விகடனை வாங்கி நடத்தினார். முகம் பாராத ஜனங்களின் மனசைப் படிக்கும் வித்தைக்கு அது நல்ல பள்ளிக்கூடமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

அமெரிக்காவில் ரிச்சர்டு சியர்ஸ் என்று ஒருவர். மின்னசோட்டா மாகாணத்தில் ஒரு சின்ன ரயில் நிலையத்தின் ஏஜெண்டு. 1886-ல் உள்ளூர் நகைக்கடைக்காரர் ஒருவர் வேண்டாமென்று தள்ளிய கைக்கடக்கமான கடிகாரங்களை இவர் எடுத்து, மற்ற ரயில் நிலைய ஏஜெண்டுகளுக்கு விற்றார். வியாபாரம் பிடித்துக்கொண்டது. மறு வருஷம் சிகாகோவுக்குப் போனவர் முதலில் யாரைத் தேடினார் தெரியுமா? விற்பனைக்காரரை அல்ல; கடிகாரம் பழுது பார்க்கிறவரை! விற்ற கடிகாரம் ஓடாவிட்டால் திரும்பி வருமே, அதற்குப் பதில் சொல்ல ஆள் வேண்டாமா? அப்படி வந்து சேர்ந்தவர்தான் ரோபக். இருவர் பெயரிலும் வளர்ந்த கம்பெனி 1906-ல் சிகாகோவில் 40 ஏக்கர் பரப்பில் கிடங்கும் அலுவலகமுமாகக் கட்டிக்கொண்டது. சரக்கில்லாமல் தொடங்கினாலும் சரக்கோடுதான் நிலைத்தது.

நம் காலத்திலும் அதே கதை. 1999-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஒருவர் செருப்புக் கடைகளில் படம் எடுத்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்ததும் அதே கடையில் விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். அதுவே ஜாப்போஸ் கம்பெனியாயிற்று. அதன் விற்பனையில் ஏறத்தாழ கால் பங்கு, செருப்புத் தயாரிப்பாளர்களே நேராக அனுப்பும் முறையில் நடந்தது. நோகாமல் வருகிற பணம். 2003-ல் அதை வேண்டாமென்று நிறுத்தினார்கள். அடுத்தவர் கிடங்கில் என்ன இருக்கிறது என்று இவர்களுக்குத் திட்டமாகத் தெரியவில்லை. சரக்குத் தாமதமானாலோ இல்லையென்று ஆனாலோ திட்டு மட்டும் இவர்களுக்கு வந்தது.

ஜெயமங்கலத்துக்கு வருவோம். என் மருமகனின் கணக்கைக் கேளுங்கள். சூரத்துக்காரருக்குச் சேலை ஒன்றுக்கு 420 ரூபாய், அனுப்பும் செலவு 70 ரூபாய். விற்பது 550-க்கு. மிச்சம் 60. ஏன் இன்னும் கொஞ்சம் கூட்டி விற்கக் கூடாது என்றேன். "அதே படத்தை ஆயிரம் பேர் போடுறாங்க மாமா. பத்து ரூபா கூடுனா ஆள் அந்தப் பக்கம் போயிருது" என்றான். ஒரு சேலை திரும்பி வந்து, அனுப்பியவர் ஏற்க மறுத்தால் என்ன ஆகும்? 420 போயிற்று, போகவர 140. ஆக 560. ஒன்பது சேலையில் சம்பாதித்த 540 ரூபாயை ஒரே சேலை விழுங்கிவிட்டு, மேலும் 20 ரூபாய் கேட்கும்!

அப்படியே ஆயிற்று. அந்தத் தெருவில் ஒரு டீச்சரம்மா. மகள் கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டுப் பெண்களுக்கென்று மயில் கழுத்து நிறத்தில் பன்னிரண்டு சேலை கேட்டு, 6,600 ரூபாயை முன்கூட்டியே கொடுத்திருந்தார். சேலைகள் தாலி கட்டி மூன்றாம் நாள் வந்து சேர்ந்தன. நிறமோ கிளிப் பச்சை! கேட்டதற்கு, அந்த நிறம் தீர்ந்துவிட்டது, கிட்டத்தட்ட அதே மாதிரி அனுப்பியிருக்கிறோம், திரும்ப எடுப்பதில்லை என்று பதில் வந்தது.

டீச்சரம்மா சண்டை போடவில்லை. "நீ கையில தொட்டுப் பாத்தியாப்பா?" என்று மட்டும் கேட்டாராம். அந்த ஒரு கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியில் தறி ஓடுகிறது. நேரில் போய்ப் பிரித்துப் பார்த்து எடுத்து வந்திருக்கலாம். சூரத்துக்கு யார் போவது?

2020-ல் வந்த மின்வணிக விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: விளம்பரத்தில் காட்டியதற்கு மாறான சரக்கைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. டீச்சரம்மாவுக்கு விற்பனையாளர் யார்? சூரத்துக்காரரை அவருக்குத் தெரியாது. வாக்குக் கொடுத்தது என் அக்காள் மகன்தான். அக்காள் தன் வளையலை அடகு வைத்து 6,600 ரூபாயையும் எண்ணிக் கொடுத்தாள். "சட்டத்துக்குப் பயந்து இல்லடா தம்பி, நாளைக்கு அந்தத் தெரு வழியா நான் நடக்கணுமே" என்றாள் என்னிடம்.

முதல் இல்லாத வியாபாரம் என்று அவன் சொன்னது தப்பு. முதல் இருந்தது. முப்பது வருஷமாக அக்காள் அந்த ஊரில் சேர்த்த நல்ல பெயர்தான் அந்த முதல். அதை யாரோ முகம் தெரியாதவர் கையில் ஒப்படைத்திருந்தான். ஒப்படைத்தது அவனுக்கே தெரியவில்லை.

சென்ற மாசி மாதம் மறுபடியும் போயிருந்தேன். வீட்டுக்குள் நுழையும்போதே பூண்டு வாசனை தூக்கியது. வியாழனும் ஞாயிறும் வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறானாம். கொடைக்கானல் மலைப்பூண்டை மூட்டைக்குள் கைவிட்டு அள்ளி, பல்லை நசுக்கிப் பார்த்து வாங்கி வருகிறான். கைப்பேசியில் ஆர்டர் பிடிப்பது இப்போதும் உண்டு. ஆனால் மூட்டை அவன் அறையில் இருக்கிறது. லாபம் பெரிதில்லை, வளையல் இன்னும் மீளவில்லை.

நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. டீச்சரம்மாதான். "ஒரு கிலோ எடுத்து வைப்பா, சாயங்காலம் வர்றேன்" என்றார். அவன் எழுந்து போய், மூட்டையைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பொறுக்க உட்கார்ந்தான்.