யவனர் தேறலும் தமிழ்ப் புலவர் தீர்ப்பும்

மதுவைப் பருகுதல் வேறு. மதுவை மதிப்பிடுதல் வேறு. பின்னது ஒரு கலையாகவே மேலைநாடுகளில் வளர்ந்துள்ளது. பிரான்சு நாட்டின் உயர்தர உணவகங்களில் உணவுப் பட்டியலுக்கு இணையாக மதுப் பட்டியல் ஒன்று தனியே விருந்தினர் முன் வைக்கப்படுகிறது. திராட்சை விளைந்த ஊர், விளைந்த ஆண்டு, வடித்தவர் பெயர், விலை ஆகியன அதில் நிரல்பட அமைந்திருக்கும். உணவகத்தின் தகுதியையே அப்பட்டியலைக் கொண்டு எடைபோடுவோர் உளர்.

இம்மதிப்பீட்டின் அடிப்படை யாது? 1855ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், போர்தோ வட்டாரத்துச் சிவப்பு மதுக்கள் ஐந்து படிநிலைகளாக வகுக்கப்பட்டன. வகுத்தவர்கள் மதுத் தரகர்கள். சந்தையில் நெடுங்காலம் நிலைத்திருந்த விலையே அவர்களுக்கு அளவுகோலாயிற்று. அவ்வரிசையில் இரண்டாம் படியிலிருந்த மது ஒன்று முதற்படிக்கு உயர 1973 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நாவின் தீர்ப்பைக் காட்டிலும் பெயரின் தீர்ப்பே வலிமையுடையதாய் நிலவியது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இத்தகைய பட்டியலும் தீர்ப்பும் தமிழ் நாட்டிற்குப் புதியனவா என்னும் வினா ஈண்டு எழுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுந்த 'பெரிபுளூஸ்' என்னும் செங்கடற் பயண நூல் இதற்கு விடை தருகிறது. பரூச் துறைமுகத்தில் இறங்கிய பொருள்களைக் கூறுமிடத்து அந்நூல் மதுவை முதன்மையாக வைக்கிறது. இத்தாலிய மது விரும்பப்பட்டதென்றும், சிரியாவின் லவோதிக்கேயா மதுவும் அரபு நாட்டு மதுவும் உடன் வந்தனவென்றும் குறிக்கிறது. அரசனுக்கெனக் கொணர்ந்த பொருள்களுள் உயர்ந்த மது தனியே எண்ணப்படுகிறது. இந்தியக் கரைக்கு வந்த மதுக்களைத் தரம் பிரித்துக் கூறும் பழைய பட்டியல் இது எனலாம். முசிறித் துறைக்கு வந்தவற்றுள் மதுவும் உண்டு. ஆனால் அது மிகுதியன்று என்று அந்நூலே கூறுகிறது. அங்கு இறக்குமதியான கோதுமை கப்பலோடு தொடர்புடையோர்க்கே உரியது என்றும் அது தெரிவிக்கிறது. எனவே, வந்த மதுவிலும் ஒரு பங்கு துறைமுகத்தில் தங்கிய யவனர்க்கே சென்றிருத்தல் கூடும்.

யவனர் மது தமிழரசன் கையை அடைந்தது என்பதற்குப் புறநானூறே சான்று. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் வாழ்த்திப் பாடிய 56ஆம் பாட்டில், யவனர் தந்த தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தி நாளும் ஊட்ட, அரசன் மகிழ்ந்து வாழ்தல் வேண்டும் என்னும் கருத்து அமைந்துள்ளது. ஆங்கு வரும் 'கலம்' என்னும் சொல் ஆராய்ச்சிக்குரியது. கப்பலையும் அது குறிக்கும், பாண்டத்தையும் குறிக்கும். பழைய உரை அதனைக் குப்பி எனக் கொள்கிறது. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த காலத்தில் இவ்வையத்தைத் தீர்க்கவல்ல மட்பாண்டச் சான்று எதுவும் அறிஞர் கையில் இல்லை.

ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. 1944இல் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநர் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் மத்தியதரைக் கடல்நாட்டு மதுச்சாடியின் கழுத்தும் கைப்பிடியும் கிடக்கக் கண்டார். அது புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலிருந்து வந்தது. அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அவ்விடத்தின் சிறப்பை ழூவோ துப்ரெய் முன்னரே உணர்த்தியிருந்தார். 1945இல் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அம்மேட்டை அகழ்ந்தனர். 'ஆம்போரா' எனப்படும் இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் ஆங்கு மிகுதியாய்க் கிடைத்தன. பெரிபுளூஸ் சுட்டும் 'பொதுகே' என்னும் துறை இதுவே என்பது அறிஞர் பலர் கருத்து. சேரநாட்டுக் கரையில் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடைபெற்ற அகழாய்வுகளும் ஆம்போரா உடைசல்களை ஆயிரக்கணக்கில் வெளிப்படுத்தின.

அரிக்கமேட்டுச் சாடிகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில் அவற்றுள் கோசு தீவின் வகையைச் சார்ந்தவை மிகுதி எனக் கண்டார். கோசு ஏகேயக் கடலிலுள்ள கிரேக்கத் தீவு. அதன் மது கடல்நீர் கலந்து ஆக்கப்பட்டது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே உரோமானியராகிய கேட்டோ, கோசு மதுவைப் போன்றதொன்றை இத்தாலியில் ஆக்கும் முறையை எழுதி வைத்தார். ஆதலின் கோசு வடிவச் சாடியெல்லாம் கோசுத் தீவினின்றும் வந்தனவல்ல. பிற்காலத்து ஆய்வு மேலும் ஓர் எச்சரிக்கையைத் தருகிறது. இந்தியாவில் ஆம்போரா எனக் குறிக்கப்பட்டவற்றுள் சில, மெசபொத்தேமியாவைச் சார்ந்த நீள்சாடிகள் என ரொபெர்ட்டா டோம்பர் காட்டியுள்ளார். உடைந்த ஓட்டைக் கண்டவுடன் உரோமானிய மது என முடிவு கட்டுதல் ஆகாது.

ஓடு இவ்வளவு கூறுகிறது. அம்மதுவின் சுவை பற்றிப் புலவர் கூறியது யாது என்பதே இலக்கிய மாணவர் ஆராயவேண்டியது. நக்கீரர் அதன் குளிர்ச்சியையும் மணத்தையும் கூறினார், கொணர்ந்தவரைக் கூறினார், ஏந்திய பொற்கலத்தைக் கூறினார். அதன் சுவையும் வன்மையும் எத்தகையன என்பதை அவர் கூறவில்லை.

நம் நாட்டுத் தேறலைப் பாடுங்கால் புலவர் நா வேறுவகையாய் இயங்குகிறது. கள், நறவு, மட்டு, மது, தோப்பி, பிழி, தேறல் எனப் பெயர்கள் பலவாய் விரிகின்றன. மூங்கிற் குழாயில் ஊறி முதிர்ந்த தேறல் பாடல்களில் இடம்பெறுகிறது. அரிசிகொண்டு நறும்பிழி ஆக்கும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை படிப்படியாக விளக்குகிறது. எயிற்பட்டினத்து நுளையர் மகள் வடித்த பழந்தேறலைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகிறது. மட்டை விலக்கி மதுவை நாடும் புகார் மகளிரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. மதுக்களுக்கிடையே தரவேறுபாடு கருதும் வழக்கம் அக்காலத்தே இருந்தமைக்கு இது சான்று. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடிய புறநானூற்று 392ஆம் பாட்டில் ஔவையார் முதிர்ந்த தேறலின் வன்மையைத் தேளின் கொட்டுக்கு ஒப்பிடுகிறார். நல்லியக்கோடன் அளித்த தேறலைச் சினந்த பாம்புக்கு ஒப்பிடுகிறார் நத்தத்தனார்.

வாழ்த்துப் பாட்டில் சுவையாராய்ச்சிக்கு இடமில்லை என்று இதற்கு விடை கூறுவர் சிலர். அவ்விடை பொருந்தாது. ஔவையார் பாட்டும் நத்தத்தனார் பாட்டும் புரவலரைப் புகழ்வனவே. ஔவையார் பாட்டிலும் பொற்கலம் உண்டு. வேறுபாடு பாட்டின் வகையில் இல்லை. பருகியவர் யார் என்பதில் உள்ளது. ஔவையார் பாட்டிலும் சிறுபாணாற்றுப்படையிலும் தேறல் பாடி வந்த இரவலர்க்கு வழங்கப்பட்டது. நன்மாறன் பாட்டில் தேறல் அரசனுக்கே உரியது. புலவர் வாழ்த்துபவர் மட்டுமே. தம் நா அறிந்ததைத் தேள் என்றும் பாம்பு என்றும் துணிந்து கூறிய மரபு, தம் நா அறியாததன் மணத்தையும் கலத்தையும் கூறி அமைந்தது. அறியாத சுவையை அறிந்ததுபோல் புனைந்துரைக்க நக்கீரர் முற்படவில்லை. யவனர் மதுவைக் குறிக்கும் பாட்டு இவ்வொன்றேயாதலின் இம்முடிபை அளவோடு கொள்ளுதல் வேண்டும். எனினும், பாடல்கள் காட்டும் வேறுபாடு மறுக்கத்தக்கதன்று.

இவ்வொழுக்கத்தின் அருமை 1976இல் பாரிசில் விளங்கிற்று. ஆங்கில மது வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் பிரெஞ்சு மதுக்களையும் கலிபோர்னிய மதுக்களையும் பெயர் மறைத்துச் சுவைக்கச் செய்தார். நடுவராய் அமர்ந்த பிரெஞ்சு வல்லுநருள் தாய்வான் உணவகத்தின் உரிமையாளரும், தூர் தார்ழான் உணவகத்தின் மதுக் காப்பாளரும் இருந்தனர். வெள்ளை, சிவப்பு ஆகிய இருவகையிலும் கலிபோர்னிய மதுவே முதலிடம் பெற்றது. 1855இன் பட்டியலில் முதற்படியில் நின்ற பெயரும் அன்று பின்தங்கிற்று. கலத்தின் மேலிருந்த பெயர் நீங்கியபோதுதான் நா தன் தீர்ப்பைச் சொல்லிற்று.

தமிழ் மரபில் மதிப்பீட்டின் மற்றொரு முகமும் உண்டு. அது மறுத்தல். திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமையை வலியுறுத்துகிறது. மணிமேகலையில் கடலில் கலமுடைந்து நாகர் கையகப்பட்ட சாதுவன், அவர் தலைவன் அளித்த கள்ளையும் ஊனையும் ஏற்க மறுக்கிறான். மறுத்ததற்குரிய காரணத்தையும் எடுத்துரைக்கிறான். காரணம் கூறி மறுத்தலும் தீர்ப்பேயாகும்.

புலவர் அளிக்கும் புகழ்ச்சிக்கும் இது பொருந்தும் என்பதற்குத் திருமழிசை மண்ணே சான்று பகர்கிறது. திருமழிசையாழ்வாரின் மாணவர் கணிகண்ணர். தன்னைப் பாடுமாறு பல்லவ மன்னன் பணித்தபோது அவர் இசையவில்லை. அதனால் காஞ்சியினின்றும் வெளியேற்றப்பட்டார். ஆழ்வாரும் உடன் புறப்பட, ஆழ்வார் சொற்கேட்டுத் திருவெஃகாப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. இது சமய மரபு போற்றும் செய்தி. ஆயினும், அதனுள் புலவர்க்குரிய ஒழுக்கநெறி ஒன்று பொதிந்துள்ளது.

நக்கீரர் அறிந்த அளவில் நின்றார். ஔவையார் அறிந்ததை மறையாது கூறினார். கணிகண்ணர் மனம் ஒவ்வாததைப் பாட மறுத்தார். பிறர் படைப்பை மதிப்பிடும் கடமை, பத்தாண்டு கடந்த இலக்கிய வட்டம் ஒவ்வொன்றுக்கும் உண்டு. நூல் வெளியீட்டு மேடையில் பொன்னாடையும் புகழுரையும் மலிந்த காலம் இது. படியாத நூலைப் பாராட்டுதலும், பதிப்பகத்தின் பெயர் கண்டு கவிதையைத் தரப்படுத்துதலும், சாடியின் முத்திரை கண்டு மதுவைத் தரப்படுத்துதல் போல்வனவே. இம்மூவர் வழிநின்று நூலைப் படித்தபின் உரைப்பதே கவிஞர்க்கும் கவிதைக்கும் செய்யும் நன்றியாகும்.