புளியந்தோப்பில் எரிந்த வீடுகள்

திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் சென்னைக்கு வரும் மின்தொடர்வண்டிகள் பேசின் பாலத்தில் ஒன்றுகூடுகின்றன. அதனருகே உள்ளது புளியந்தோப்பு. 1921ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் அங்கே ஏறத்தாழ நூறு குடிசைகள் தீக்கிரையாயின. அவை பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளைச் சார்ந்து வாழ்ந்த ஆதிதிராவிடர்களின் வீடுகள். தீ வைத்தவர்கள் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்த தொழிலாளர் தரப்பினர். இந்த இரண்டாவது செய்தியே நம் வரலாற்று நூல்களை இன்றும் சங்கடப்படுத்துகிறது.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். செல்வபதி செட்டியார், இராமாநுஜுலு நாயுடு, பி.பி. வாடியா, திரு.வி.க. ஆகியோர் நம் பாடங்களில் இடம்பெறுகின்றனர், இடம்பெறவும் வேண்டும். 1921 மே மாதம் கர்நாடிக் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஜூனில் பக்கிங்ஹாம் ஆலைக்கும் பரவியது. ஆதிதிராவிடர் பலர் வேலைக்குத் திரும்பினர். நிர்வாகம் அப்பிளவைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. கலவரமும் துப்பாக்கிச் சூடும் உயிர்களைப் பலிகொண்டன. அக்டோபரில் போராட்டம் தோல்வியில் முடிந்தது. நீதிக்கட்சித் தலைவர்களின் நிலைப்பாட்டால் மனங்கசந்த எம்.சி. ராஜா 1923இல் அக்கட்சியை விட்டு விலகினார்.

வேலைநிறுத்தத்தை உடைப்பவரைத் தமிழில் ‘கருங்காலி’ என்கிறோம். கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டும் மரம் என்பது அச்சொல்லுக்கு வழங்கும் விளக்கம். ஆனால் ஓரினமாக ஏற்றுக்கொள்ளப்பட்டவனால் மட்டுமே இனத்துரோகம் செய்ய இயலும். ஆலைக்குள் ஒரே கூரையின்கீழ் உழைத்தவர்கள், சங்கு ஊதியபின் வெவ்வேறு சேரிகளுக்கும் தெருக்களுக்கும் திரும்பினர். தண்ணீரும் திருமண உறவும் பகிரப்படாத இடத்தில், பசியை மட்டும் பகிர்ந்துகொள்ளும்படி கேட்பது எவ்வளவு தூரம் நியாயம்? சங்கத்தின் கோரிக்கைகள் நேர்மையானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த நேர்மை குடிசைகளின் வாசல்வரை சென்றதா என்பதே கேள்வி.

ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. அவற்றின் நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. ஆலைக்கேனும் ஒரு பெயர் எஞ்சியிருக்கிறது. எரிந்த வீடுகளுக்கோ தொழிற்சங்க வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பு கிடைத்தாலே அதிகம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றித் தகரக் கூரை அறைகளில் இன்று பிற மாநிலத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்கின்றனர். குறைந்த கூலிக்கு வந்து நம் வேலையைப் பறிப்பவர்கள் என்று அவர்களைப் பற்றித் தேநீர்க் கடைகளில் பேசக் கேட்கிறேன். அப்போதெல்லாம் எனக்குப் புளியந்தோப்பே நினைவுக்கு வருகிறது.