மாப்பிள்ளைக்கும் தோழர்களுக்கும் நிகாஹ் உடை: கவனிக்க வேண்டியவை

நிகாஹ் தேதி குறித்தவுடன் மணப்பெண்ணின் புடவைக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். மாப்பிள்ளையின் உடையைக் கடைசி வாரத்தில்தான் அவசரமாக எடுக்கிறோம். அந்த அவசரத்தில் மார்க்கம் தடுத்த துணியும், தேவையில்லாத கடனும் சேர்ந்தே வீட்டுக்கு வந்துவிடுகின்றன.

பட்டும் தங்கமும்

பட்டும் தங்கமும் ஆண்களுக்குத் தடை செய்யப்பட்டவை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள் (அபூதாவூத், நஸாயீ). உடையில் இரண்டு முதல் நான்கு விரல் அகலம் வரை பட்டு இருப்பதற்கு மட்டும் சலுகை உண்டு (முஸ்லிம்). எனவே பட்டு வேட்டி, அசல் பட்டு ஷெர்வானி, தங்க மோதிரம், தங்கச் செயின் எதுவும் மாப்பிள்ளைக்கு வேண்டாம். பெண் வீட்டார் ஆசையாகப் போடும் மோதிரம் வெள்ளியாக இருக்கட்டும். நபி (ஸல்) அவர்களும் வெள்ளி மோதிரம் அணிந்திருக்கிறார்கள்.

கடையில் 'சில்க்' என்று சொல்வதெல்லாம் பட்டு அல்ல. ஆர்ட் சில்க் என்பது ரேயான் அல்லது பாலியஸ்டர். அது இந்தத் தடையில் வராது. சில்க் மார்க் முத்திரை அசல் பட்டுக்கு உரியது. சந்தேகம் இருந்தால் ஓரத்து நூல் ஒன்றை எரித்துப் பாருங்கள். பட்டு நூல் முடி கருகும் வாடையுடன் எரியும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். கோட் தைக்கும் கம்பளித் துணியும் முடி வாடையே தரும். அதை அணியத் தடையில்லை.

அளவும் தையலும்

பேன்ட், பைஜாமா, வேட்டி எதுவானாலும் கரண்டைக்குக் கீழே இறங்கக் கூடாது (புகாரி). தைக்கக் கொடுக்கும்போதே டெய்லரிடம் சொல்லிவிடுங்கள். போட்டுப் பார்க்கும்போது ருகூஉ, ஸஜ்தா செய்தும், சம்மணமிட்டும் பாருங்கள். இறுக்கமான உடையால் கல்யாண நாளில் தொழுகை தவறினால் அந்த உடை எதற்கு?

சித்திரை, வைகாசி வெயிலில் லைனிங் வைத்த கனமான ஷெர்வானி வேர்வையில் நனைந்துவிடும். வெள்ளைப் பருத்திச் சட்டையும் வேட்டியும் நிறைவானவை. வெண்ணிற ஆடையை நபி (ஸல்) அவர்கள் விரும்பிச் சொல்லியிருக்கிறார்கள் (திர்மிதீ).

தோழர்களுக்கு

தோழர்கள் எல்லோரும் ஒரே துணியில் கோட் தைக்க வேண்டும் என்று முடிவு செய்யும் முன், அவர்களில் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவரை நினைத்துப் பாருங்கள். மறுக்க வெட்கப்பட்டு அவர் கடன் வாங்கக்கூடும், அல்லது காரணம் சொல்லி வராமலே இருந்துவிடக்கூடும். செலவை மாப்பிள்ளை ஏற்கட்டும். முடியாவிட்டால், 'எல்லோரும் வெள்ளைச் சட்டை' என்று சொன்னால் போதும். அது பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும்.

யார் செலவு?

'மாப்பிள்ளை கோட்டுக்குப் பெண் வீட்டார் பணம் தருவது வழக்கம்' என்ற பேச்சு இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டியவர் மாப்பிள்ளை. தன் உடையைத் தானே வாங்குவதுதான் அவருக்கு அழகு. பெண்ணின் தந்தைக்கு அந்தச் சுமையை ஏற்றாதீர்கள்.

கடைசியாக, நிகாஹ்வுக்குப் பின் ஜும்ஆவுக்கும் பெருநாளுக்கும் போடக்கூடிய உடையையே எடுங்கள். ஒரு நாளைக்கு மட்டும் என்றால் வாடகைக்கு எடுக்கலாம். மீதமாகும் பணம் வலீமா விருந்துக்கு உதவும். வீண்விரயம் இல்லாத எளிய திருமணங்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.