விக்டோரியா ஏரிக்கரையில் சுன்னத்து

ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் எல்லோரும் சிங்கத்தையும் யானையையும் பற்றித்தான் கேட்பார்கள். இன்று எழுதப்போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். நம் வயதுக்கு இனி என்ன கூச்சம்!

கென்யாவில், விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள கிசுமு நகரில் ஒரு மொத்தக் கடையில் 2003 முதல் 2010 வரை கணக்கு எழுதினேன். அந்தப் பக்கம் லுவோ இனத்தார் அதிகம். அந்நாட்டின் பெரும்பாலான இனங்களில் சுன்னத்து முடிந்தால்தான் பையன் ஆண்மகன். லுவோக்களிடம் அந்த வழக்கம் இல்லை. கீழ்வரிசை முன்பற்கள் ஆறைப் பிடுங்குவதே அவர்களுடைய பழைய அடையாளம். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த எங்கள் கிடங்குக்காரருக்கு அந்த ஆறும் இல்லை. சிரித்தால் பளிச்சென்று தெரியும்.

இது வெறும் வழக்க வேறுபாடாக நிற்கவில்லை. "சுன்னத்து செய்யாதவன் சிறுபயல், அவனிடமா நாட்டைக் கொடுப்பது?" என்று லுவோ தலைவர்களை மற்றவர்கள் இளக்காரம் செய்வார்கள்.

சுன்னத்து செய்தவர்களுக்கு எய்ட்ஸ் கிருமி குறைவாகத் தொற்றுவதை 1980களிலேயே நைரோபி மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். அதை உறுதிசெய்ய கிசுமுவில் 18 முதல் 24 வயது வரையுள்ள 2784 இளைஞர்களைச் சேர்த்தார்கள். சரிபாதிப் பேருக்கு உடனே சிகிச்சை, மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக் கணக்கில் செய்துகொண்டவர்களில் 22 பேருக்கும், காத்திருந்தவர்களில் 47 பேருக்கும் தொற்று. 2006 டிசம்பரில் சோதனையை நிறுத்திவிட்டார்கள். இனியும் காத்திருக்கச் சொல்வது நியாயமில்லையே. 2007 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. இது முழுப் பாதுகாப்பு அல்ல, ஆணுறையும் வேண்டும் என்று சேர்த்தே சொன்னது.

அந்த டிசம்பரில் தேர்தல், அதைத் தொடர்ந்து கலவரம். கிசுமுவில் இந்தியர் கடைகள் எரிந்தன. நாங்கள் ஷட்டரை இறக்கிவிட்டு நான்கு நாள் உள்ளேயே கிடந்தோம். 2008 ஜனவரியில் நைவாஷாவில் கும்பல்கள் லுவோ ஆண்களைப் பிடித்து வலுக்கட்டாயமாக அறுத்தன. சிலர் இறந்தும் போனார்கள். கிடங்குக்காரரின் தம்பி அங்கே பூப்பண்ணையில் வேலை பார்த்தவர். உடுத்திய துணியோடு ஊர் வந்து சேர்ந்தார். என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதே ஆண்டு அரசாங்கம் அந்த மக்களிடமே போய், "தானாக முன்வந்து செய்துகொள்ளுங்கள்" என்றது! யார் போவார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அரசு ஒன்றைச் சரியாகச் செய்தது. சடங்கு இல்லை, இனப்பேச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் மரத்துப்போக ஊசி போட்டு, இலவசமாகச் செய்யும் வைத்தியம் என்றது. எங்கள் வழக்கமல்ல என்று முதலில் முறைத்த பெரியவர்கள், அவரவர் விருப்பம் என்று இறங்கி வந்தார்கள். லுவோ இனத்தவரான பிரதமர் ராய்லா ஒடிங்காவே ஆதரித்துப் பேசினார்.

நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் மார்க்கக் கல்யாணம் என்று சின்னப் பையனுக்குப் புதுச்சட்டை போட்டுச் செய்துவிடுவார்கள். வளர்ந்த ஆண் தானே நடந்து போவது வேறு. கடையில் சுமை தூக்குகிறவர்கள் முதலில் கேட்டது வலியைப் பற்றி அல்ல, "எத்தனை நாள் கூலி போகும்?" என்றுதான். ஆறு வாரம் மனைவியிடம் நெருங்கக்கூடாது என்பது இன்னொரு தடை. அங்கே ரத்தம் சோதித்து, இருக்கிற நோய் தெரிந்துவிட்டால்? இந்தப் பயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

போகவைத்தது பெரும்பாலும் சிநேகிதன்தான். ஒருவன் போய்வந்து ஒரு வாரத்தில் சாதாரணமாக நடந்தால் அடுத்து மூன்று பேர் போவார்கள். சுத்தமாக இருக்கும் என்று மனைவிமார் சொன்ன இடங்களும் உண்டு. இளவட்டங்கள் கூட்டமாகப் போனார்கள், நடுவயதுக்காரர்கள் தயங்கினார்கள். 2007இல் அந்த நியான்சா மாகாணத்து ஆண்களில் பாதிக்கும் குறைவானவர்களே செய்துகொண்டவர்கள். 2012இல் மூன்றில் இரண்டு பங்கினர்.

2009 பள்ளி விடுமுறையில் கிடங்குக்காரர் ஒருநாள் லீவு கேட்டார். இரண்டு மகன்களையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். தம்பி என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அவன்தான் ரத்தச் சோதனை வரை கூட வருகிறான்" என்றார்.

"அப்போ நீங்கள்?"

கீழுதட்டை விரலால் இழுத்து, பல்லில்லாத ஈறைக் காட்டினார். "எனக்குத்தான் முன்பே ஆகிவிட்டதே" என்று சொல்லிவிட்டு, லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.