தோற்றுப்போனால் ஆட்டத்தை மாற்றணுமா? சின்னர் முதல் நம்ம ரமேஷ் கிருஷ்ணன் வரை... டென்னிஸ் சொல்லும் கணக்கு என்ன?

2025 செப்டம்பர் 7. நியூயார்க்கில் அமெரிக்க ஓபன் ஃபைனல். அப்போது உலகின் நம்பர் 1 ஆக இருந்த இத்தாலி வீரர் யானிக் சின்னரை, ஸ்பெயினின் கார்லோஸ் அல்கராஸ் 6-2, 3-6, 6-1, 6-4 என்று வீழ்த்தினார். கோப்பையோடு நம்பர் 1 இடமும் கைமாறியது.

தோல்வியைவிட அதிகம் பேசப்பட்டது, மேட்ச் முடிந்து சின்னர் சொன்ன விஷயம்தான். காயம், களைப்பு என்று எதையும் காரணம் காட்டவில்லை. என் ஆட்டத்தை எதிராளி சுலபமாகக் கணித்துவிடுகிறார், அதை மாற்றப்போகிறேன், அதற்காகச் சில மேட்ச் தோற்றாலும் பரவாயில்லை என்கிற பொருளில் பேசினார்.

இங்கேதான் கேள்வி வருது. அல்கராஸைத் தவிர மற்ற எல்லாரையும் பெரும்பாலும் அடித்து அனுப்புகிற ஒரு வீரர், ஒரே ஒருத்தரிடம் தோற்றதற்காக ஜெயித்துக் கொடுத்த ஆட்டத்தில் கை வைக்கலாமா?

குறிஞ்சிப்பாடியில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது தூரத்து விஷயமாகத் தெரியலாம். ஆனால் பிள்ளையை சாயங்காலம் டூவீலரில் உட்காரவைத்து நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போகும் அப்பா, அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். மாவட்டப் போட்டியில் முதல் ரவுண்டில் தோற்று வந்தால் போதும். "கிரிப்பை மாத்து", "சர்வையே மாத்து", "கோச்சை மாத்து" என்று நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். டென்னிஸோ, பேட்மிண்டனோ, கதை ஒன்றுதான். பணமும் பிள்ளையின் இரண்டு மூன்று வருஷமும் அந்த முடிவில் போய் மாட்டிக்கொள்கிறது.

ஒரு தோல்வி எவ்வளவு சொல்லும்?

முதலில் ஒரு கணக்கு. ரோஜர் பெடரர் 2024 ஜூனில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி பட்டமளிப்பு விழாவில் பேசும்போது தன்னைப் பற்றியே ஒரு விவரம் சொன்னார். 1,526 ஒற்றையர் மேட்ச்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜெயித்தவர், அந்த மேட்ச்களில் எடுத்த பாயிண்டுகள் வெறும் 54 சதவீதம்தான். அதாவது 100 பாயிண்டில் 46-ஐ விட்டுக்கொடுத்தும் ஒருவர் பெடரராக இருக்க முடிகிறது. வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அவ்வளவு மெல்லியது.

இதற்கு சின்னரிடமே உதாரணம் இருக்கு. அதே 2025 ஜூன் 8, பிரெஞ்ச் ஓபன் ஃபைனல். எதிரே அதே அல்கராஸ். நான்காவது செட்டில் சின்னர் கையில் 3 சாம்பியன்ஷிப் பாயிண்ட் இருந்தது. விட்டுவிட்டார். 5 மணி 29 நிமிடம் நடந்த அந்த மேட்ச்சை அல்கராஸ் ஐந்தாவது செட் டைபிரேக்கரில் ஜெயித்தார். பாயிண்டுகளை எண்ணிப் பார்த்தால் சின்னர் 193, அல்கராஸ் 192. அதிகப் பாயிண்ட் எடுத்தவர்தான் தோற்றார்!

அந்தத் தோல்விக்குப் பிறகு சின்னர் ஆட்டத்தைத் தலைகீழாகப் புரட்டவில்லை. 5 வாரம் கழித்து விம்பிள்டன் ஃபைனலில் அதே அல்கராஸை 4-6, 6-4, 6-4, 6-4 என்று ஜெயித்தார்.

பாரிஸில் தோற்றதும் நியூயார்க்கில் தோற்றதும் ஒரே ஆளிடம்தான். ஆனால் இரண்டும் ஒரே தோல்வி இல்லை. பாரிஸில் நடந்தது கடைசி நேரச் சறுக்கல். நியூயார்க்கில் அவருடைய முதல் சர்வ் சரியாக விழவில்லை, அல்கராஸ் வித்தியாசமான ஷாட்களால் அலைக்கழிக்க, சின்னரிடம் பதிலுக்கு வேறு எதுவும் இல்லை. முதல் வகைத் தோல்விக்கு மருந்து தேவையில்லை, இரண்டாவதுக்குத் தேவை. நம்ம ஊரில் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதே இல்லை. ஸ்கோரை மட்டும் கேட்டுவிட்டுத் திட்ட ஆரம்பித்துவிடுகிறோம்.

எதை மாற்றலாம், எதைத் தொட்டால் ஆபத்து?

"ஆட்டத்தை மாற்றுவது" என்று பொதுவாகச் சொல்கிறோம். உள்ளே பார்த்தால் அது பல விஷயம். சர்வை எதிராளியின் எந்தப் பக்கம் போடுவது, ரிட்டர்னுக்கு எவ்வளவு பின்னால் நிற்பது, எப்போது நெட்டுக்கு ஓடுவது... இதெல்லாம் தந்திரம். ஒரு மேட்ச் நடக்கும்போதே மாற்றிக்கொள்ளலாம். ராக்கெட், ஸ்ட்ரிங் மாற்றுவதற்குச் சில மாதம் பழக வேண்டும். பெடரர் 2014-ல் 90 சதுர அங்குல ராக்கெட்டை விட்டு 97-க்குப் போனார். 2017 ஆஸ்திரேலிய ஓபன் ஃபைனலில் நடாலை ஐந்து செட்டில் வென்றபோது அவருடைய பேக்ஹேண்ட் பழைய பேக்ஹேண்டாக இல்லை.

கை வீச்சையே மாற்றுவதுதான் ஆபத்தான வேலை. பத்து வயதில் இருந்து உடம்பு பழகிய அசைவை மூளை சொல்லி மாற்றுவது. ஜோகோவிச் 2009, 2010 வாக்கில் சர்வ் வீச்சை மாற்றப் போய் டபுள் ஃபால்ட்டாகக் கொட்டினார். பிறகு பழைய மாதிரிக்கே திரும்ப வேண்டியிருந்தது. 2011-ல் வருஷத் தொடக்கத்தில் இருந்து வரிசையாக 41 மேட்ச் ஜெயித்த மனிதர், அதற்கு ஒரு வருஷம் முன்னால் சர்வ் போடத் தடுமாறிக்கொண்டிருந்தார் என்பது இன்றைக்குப் பலருக்கு ஞாபகமே இல்லை.

மாறியவரை வென்ற மாறாதவர்

இப்போது நம்ம வீட்டுக் கதைக்கு வருவோம். சென்னையில் பிறந்த ரமேஷ் கிருஷ்ணன். 1979-ல் பிரெஞ்ச், விம்பிள்டன் இரண்டிலும் ஜூனியர் சாம்பியன். 1985-ல் உலக ரேங்க் 23 வரை போனவர். அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் இரண்டு விஷயம் சொல்வார்கள்: கை அவ்வளவு நயம், சர்வ் அவ்வளவு மெது. பந்து எழும்பும்போதே வாங்கித் திருப்பிவிடுவார். எதிராளி கொடுத்த வேகத்தையே கடன் வாங்கி எதிராளிக்கே அனுப்பும் ஆட்டம். வலுவான சர்வ் வந்துகொண்டிருந்த 80-களில் இது செல்லுமா என்று அவரைச் சுற்றி எப்போதும் ஒரு கேள்வி இருந்தது.

1987-ல் சிட்னி புல்தரையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டேவிஸ் கோப்பை அரையிறுதி 2-2 என்று நின்றபோது, கடைசி மேட்ச்சில் வாலி மசூரை வென்று இந்தியாவை ஃபைனலுக்குக் கொண்டுபோனவர் ரமேஷ்தான். அந்த டிசம்பரில் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் ஃபைனல். டேவிஸ் கோப்பையில் எந்தத் தரையில் ஆடுவது என்று முடிவு செய்வது சொந்த மண்ணில் நடத்தும் நாடு. ஸ்வீடன்காரர்கள் உள்ளரங்குக்குள் களிமண் தரை போட்டார்கள். முதல் மேட்ச்சிலேயே மேட்ஸ் விலாண்டரிடம் ரமேஷ் நேர் செட்டுகளில் தோற்றார். இந்தியா 0-5.

இந்த விலாண்டர் யார் என்பதுதான் கதையில் முக்கியம். அவர் பேஸ்லைனில் நின்றுகொண்டு பந்தைத் திருப்பித் திருப்பி அனுப்பியே எதிராளியைக் களைக்க வைப்பவர். 1987-ல் பிரெஞ்ச், அமெரிக்க ஓபன் இரண்டு ஃபைனலிலும் இவான் லெண்டிலிடம் தோற்றார். தன்னைப்போலவே ஆடுகிற, ஆனால் தன்னைவிட வலுவாக அடிக்கிற ஆளிடம் அதே ஆட்டத்தை ஆடிப் பயனில்லை என்று அவருக்குப் புரிந்தது. ஒரு கையால் வெட்டி விடும் ஸ்லைஸ் பேக்ஹேண்டை ஆட்டத்தில் அதிகமாகச் சேர்த்தார், அடிக்கடி நெட்டுக்கு வந்தார். 1988 அமெரிக்க ஓபன் ஃபைனலில் லெண்டிலை 4 மணி 54 நிமிடம் போராடி ஐந்து செட்டில் வென்று நம்பர் 1 ஆனார். அந்த வருஷம் மட்டும் 3 கிராண்ட்ஸ்லாம். தோற்றபின் ஆட்டத்தை மாற்றி வெற்றி கண்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

1989 ஜனவரி. மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன் இரண்டாவது ரவுண்ட். உலக நம்பர் 1, நடப்பு சாம்பியன் விலாண்டர் ஒரு பக்கம். மறுபக்கம் ரமேஷ் கிருஷ்ணன். ரிசல்ட்? 6-3, 6-2, 7-6. ஜெயித்தவர் ரமேஷ்!

கோதன்பர்க்குக்கும் மெல்போர்னுக்கும் நடுவில் 13 மாதம். ரமேஷின் சர்வ் அப்படியேதான் இருந்தது. களிமண் தரை போய், ஹார்ட் கோர்ட் வந்தது. களிமண்ணில் பந்து மெதுவாகி, உயரமாக எழும்பி, விலாண்டருக்கு நிறைய நேரம் கொடுத்தது. ஹார்ட் கோர்ட்டில் பந்தைச் சீக்கிரமே வாங்கும் ரமேஷ் அந்த நேரத்தைப் பிடுங்கிக்கொண்டார். கோதன்பர்க் தோல்வியைப் பார்த்துவிட்டு, ரமேஷ் தன் மென்மையான ஆட்டத்தை விட்டு முரட்டு டாப்ஸ்பின்னுக்குப் போயிருந்தால் மெல்போர்ன் நடந்திருக்குமா? நடந்திருக்காது என்பதுதான் என் கணிப்பு.

அதற்காக மாறாமல் இருப்பதே சரி என்றும் சொல்லிவிட முடியாது. ரமேஷ் 3 முறை கிராண்ட்ஸ்லாம் காலிறுதிக்குப் போனார் (1981, 1987 அமெரிக்க ஓபன், 1986 விம்பிள்டன்). அதைத் தாண்டவில்லை. சுலபமாகக் கிடைக்கும் சர்வ் பாயிண்டுகள் இல்லாத ஒருவர் இரண்டு வாரம் தொடர்ந்து ஆடும்போது ஒவ்வொரு பாயிண்டையும் உழைத்தே எடுக்க வேண்டும். அந்த விலையை அவர் கொடுத்தார்.

அப்பாவுக்கும் அதே கேள்வி

அவர் அப்பா ராமநாதன் கிருஷ்ணனும் இதே கேள்வியைச் சந்தித்தவர்தான். 1937-ல் நாகர்கோவிலில் பிறந்தவர். 1960, 1961 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் விம்பிள்டன் அரையிறுதி. முதலில் நீல் ஃப்ரேசரிடமும், அடுத்து ராட் லேவரிடமும் நேர் செட்டுகளில் தோற்றார். இரண்டு பேருமே இடதுகைக்காரர்கள், இரண்டு பேருமே அந்தந்த வருஷம் கோப்பையைத் தூக்கியவர்கள். 1961 காலிறுதியில் வலதுகைக்காரரான ராய் எமர்சனை நம்மவர் 6-1, 6-4, 6-4 என்று சுருட்டிவிட்டுத்தான் லேவரிடம் போனார்.

"கிருஷ்ணனுக்கு மட்டும் ஒரு நல்ல சர்வ் இருந்திருந்தா..." என்று பழைய ரசிகர்கள் இன்னும் பெருமூச்சு விடுவது உண்டு. ஆனால் அவருக்கு இடதுகை ஆட்டம் புரியவே இல்லை என்று சொல்ல முடியாது. 1959 டேவிஸ் கோப்பையில் லேவரையே வென்றவர். 1966-ல் கொல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோச், அவரும் இடதுகை, 2-1 என்று செட்டில் முந்தி, நான்காவது செட்டில் 5-2 என்று நின்றபோது அங்கிருந்து மீண்டு ஜெயித்து இந்தியாவை முதல்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார்.

செஸ்ஸிலும் ஒரு சென்னைக் கதை உண்டு. பெரும்பாலும் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை நகர்த்தியே ஆட்டத்தைத் தொடங்கும் விஸ்வநாதன் ஆனந்த், 2008-ல் பான் நகரில் கிராம்னிக்கை எதிர்த்தபோது ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை நகர்த்தினார். எதிராளி மாதக்கணக்கில் செய்த தயாரிப்பு வீணானது. 6.5-4.5 என்று ஆனந்துக்கு வெற்றி. அவர் மாற்றியது தொடக்கத்தைத்தான். வேகமாகக் கணக்குப் போடும் தன் பலத்தை அப்படியே வைத்துக்கொண்டார்.

சின்னர் கடைசியில் என்ன செய்தார்?

அவரும் அந்த வழியில்தான் போனார். தன் பேஸ்லைன் அடியை விடவில்லை. சர்வில் உழைத்தார், டிராப் ஷாட்டையும் நெட்டுக்கு வருவதையும் கொஞ்சம் கூட்டினார். 2025 நவம்பர் 16, டூரின் நகரில் ஏடிபி ஃபைனல்ஸ் இறுதிப் போட்டியில் அல்கராஸை 7-6, 7-5 என்று வென்றார். உள்ளரங்க ஹார்ட் கோர்ட் அவருக்குப் பிடித்த தரை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாற்றம் பலித்ததா, தரை உதவியதா என்பதை ஒரு மேட்ச்சை வைத்துப் பிரிக்க முடியாது.

உங்க வீட்டுப் பிள்ளை விஷயத்தில் என்ன செய்யலாம்? ஒரு தோல்வியைப் பார்க்காமல் ஐந்தாறு தோல்விகளைச் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், உதாரணமாக இரண்டாவது சர்வில், பாயிண்ட் போகிறது என்றால் கோச்சிடம் உட்கார்ந்து பேசலாம். அந்த வேலையைப் போட்டி இல்லாத மாதங்களில் தொடங்குங்கள். அடுத்த வாரம் டோர்னமென்ட் இருக்கும்போது கிரிப்பைத் தொட வேண்டாம். தன்னைவிட இரண்டு வயது மூத்த, ஒரு அடி உயரமான பையனிடம் தோற்று வந்திருந்தால், அன்றைக்கு எதையும் மாற்ற வேண்டியதே இல்லை. சாப்பாடு போட்டுத் தூங்கவிடுங்கள்.