லாரி முதலாளி நடத்திய பேஸ்பால் பாடசாலை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரிய விளையாட்டு அணிகளின் பயிற்றுநர்கள் துணைவேந்தரைவிடக் கூடுதலாகச் சம்பளம் வாங்குவது இன்று யாரையும் வியக்க வைப்பதில்லை. அதே நாட்டில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துத் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணிக்கு 1942 முதல் 1986 வரை பயிற்சியளித்த ராட் டீடோ வாங்கியது ஆண்டுக்கு ஒரு டாலர். பேருக்கு ஒரு சம்பளம், அவ்வளவே. அந்த 45 ஆண்டுகளில் அணி வென்ற ஆட்டங்கள் 1,332. தேசிய வாகையர் பட்டங்கள் 11.

இதைத் தியாகம் என்று எழுதிவிடுவது எளிது. அது பொருந்தாது. டீடோ வசதியானவர். 500 டாலர் முதலீட்டில் அவர் தொடங்கிய சரக்கு லாரி நிறுவனம் பெரும் தொழிலாக வளர்ந்தது. காலையில் லாரி, பிற்பகலில் மைதானம். கல்லூரியின் சம்பளத்தை நம்பி அவர் வீட்டில் உலை வைக்கவில்லை. அதனாலேயே அவர் நிர்வாகத்துக்கு அஞ்சவேண்டியிருக்கவில்லை. தொழில்முறை அணிகள் அழைத்தபோதெல்லாம் மறுக்கவும் முடிந்தது. அவருடைய பயிற்சிமுறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பொருளாதார அடித்தளத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என் கணிப்பில் முதலில் பார்க்கவேண்டியதே அதுதான்.

1914-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்தவர் அவர். தாம் பின்னர் ஆளப்போகும் அதே கல்லூரி அணியில் ஆடிவிட்டு, 1935-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் சேர்ந்தார். மேல்மட்ட லீக்கில் அவர் ஆடியவை மொத்தம் இரண்டே ஆட்டங்கள். நான்கு முறை மட்டை பிடித்து ஒரு முறை ‘ஹிட்’ அடித்தார். அதன்பின் முதுகெலும்பில் பட்ட அடி ஆட்ட வாழ்வை முடித்துவைத்தது. அந்த இரண்டு ஆட்டங்களில் மிஞ்சிய ஆதாயம் ஒன்று உண்டு. அணியின் மேலாளராக அப்போது இருந்தவர் கேசி ஸ்டெங்கல். பிற்பாடு நியூயார்க் யாங்கீஸ் அணியைத் தொடர்ந்து ஐந்து முறை உலகத் தொடர் வெல்லவைத்த அதே ஸ்டெங்கல். கலிபோர்னியாவின் கிளெண்டேலில் வசித்த அவருடன் டீடோவின் நட்பு கடைசிவரை நீடித்தது. கோமாளிபோல் பேசிக்கொண்டே ஆட்டத்தின் நுணுக்கத்தைப் பிசகாமல் கணிக்கும் ஸ்டெங்கலின் சாயல் சீடரிடமும் படிந்தது. கண்ணில்படும் எல்லோரையும் ‘டைகர்’ என்றே டீடோ கூப்பிடுவார். பெயரை மறந்ததை மறைக்கும் தந்திரம் அது என்ற கேலியும் உண்டு.

முதல் பட்டம் 1948-இல் வந்தது. மூத்தவரான சாம் பேரியும் டீடோவும் கூட்டாக அணியை நடத்திய காலம் அது. மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் நடந்த இறுதிச்சுற்றில் எதிரணி யேல் பல்கலைக்கழகம்; அதன் தலைவர் பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ். முதல் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் யேலுக்கு மூன்று பேஸ்களிலும் ஆள் நின்றது, ஒருவரும் அவுட் இல்லை. அடுத்து இறங்க புஷ் மட்டையோடு காத்திருந்தார். ஒரே பந்தில் மூவர் அவுட், ஆட்டம் முடிந்தது. புஷ் காத்திருந்ததோடு சரி.

பேஸ்பாலில் ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் மட்டுமே. ஆனால் அந்த மூன்றாவது அவுட் விழும்வரை எத்தனை ஓட்டங்கள் வேண்டுமானாலும் சேரலாம். கடிகாரமோ ஓவர் கணக்கோ குறுக்கே வராது. இந்த விதியை டீடோவின் பிள்ளைகள் எவ்வளவு ஆழமாக உள்வாங்கியிருந்தார்கள் என்பதற்கு 1973-இல், கல்லூரிகளின் தேசிய இறுதிச்சுற்று நடக்கும் ஒமாஹாவில் மின்னசோட்டாவுக்கு எதிராக நடந்த ஆட்டமே சான்று. மின்னசோட்டாவுக்குப் பந்து வீசியவர் டேவ் வின்ஃபீல்ட், ஆறரை அடி உயரம். எட்டு இன்னிங்ஸில் 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். மின்னசோட்டா 7-0 என்று முன்னிலையில் இருக்க, ஒன்பதாவது, அதாவது கடைசி, இன்னிங்ஸ் தொடங்கியது. அதில் தென் கலிபோர்னியா எட்டு ஓட்டங்கள் எடுத்தது. நடுவிலேயே களைத்துப்போன வின்ஃபீல்டை வெளிக்களத்துக்கு அனுப்பியும் பயனில்லை. 8-7. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வின்ஃபீல்டுக்கே கொடுத்தார்கள். அதே மாதம் அவர் நேராக மேல்மட்ட லீக்கில் இறங்கினார். பட்டம் மட்டும் டீடோவுக்கு. 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்கள். அந்த வரிசையில் இது நான்காவது. இரண்டுக்கு மேல் தொடர்ந்து வென்ற வேறு கல்லூரி இன்றுவரை இல்லை.

இவர் கைபட்டு மேலே போன பெயர்களை அடுக்கினால் அது தனிப் பட்டியலாகிவிடும். இருவரை மட்டும் சொல்கிறேன். ஒருவர் பந்துவீச்சாளர் டாம் சீவர். உதவித்தொகை தருவதற்கு முன், 1964 கோடையில், அந்த இளைஞரை அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகர அணிக்கு ஆட அனுப்பினார் டீடோ. அங்கே தேறி வந்த பிறகே கல்லூரியில் இடம். அதேபோல், பந்துவீச வந்த டேவ் கிங்மனை மட்டைக்குத் திருப்பியதும் அவர்தான். கிங்மன் பின்னர் மேல்மட்ட லீக்கில் 442 ஹோம் ரன்கள் அடித்தார். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லாமல், வேறொரு இடத்தில் வைத்துப் பார்க்கும் பொறுமை இது. அடுத்த ஆண்டு வேலை இருக்குமோ என்று கவலைப்படும் பயிற்றுநருக்கு இந்தப் பொறுமை வாய்ப்பது கடினம்.

ஜப்பானியக் கல்லூரி அணிகளோடு அமெரிக்க மாணவர்கள் ஆண்டுதோறும் மோதும் தொடர் 1972-இல் தொடங்குவதற்கு முன்னின்றவர்களில் டீடோ ஒருவர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் காட்சிப்போட்டியாக பேஸ்பால் நடந்தபோது அமெரிக்க மாணவர் அணியை அழைத்துச்சென்றவரும் அவரே. இருபது ஆண்டு கழித்து லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். சொந்த ஊர், டாட்ஜர் மைதானம், பின்னாளில் நட்சத்திரங்களான மார்க் மெக்வயர், வில் கிளார்க், பாரி லார்கின் அடங்கிய அணி; பயிற்றுநர் டீடோவே. இறுதியாட்டத்தில் ஜப்பான் 6-3 என்று வென்றுவிட்டது. எதிராளியை வளர்த்துவிட்டால் ஒருநாள் அவன் வெல்வான் என்று டீடோவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கடைசி எட்டு ஆண்டுகள் சோபிக்கவில்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. 1978 பட்டத்துக்குப் பின் அவருடைய அணி ஒமாஹாவை எட்டவே இல்லை. கல்லூரிகள் தரக்கூடிய உதவித்தொகைகளுக்கு வரம்பு வந்துவிட்டதால், கட்டணம் மிகுந்த தனியார் பல்கலைக்கழகத்துக்கு ஆள் சேர்ப்பது சிரமமாயிற்று. அரிசோனாவும் டெக்சாஸும் மயாமியும் முழுநேரப் பயிற்றுநர்களோடு முன்னேறின. பாதி நாள் லாரி, பாதி நாள் மைதானம் என்ற ஏற்பாட்டுக்குக் காலம் முடிந்திருந்தது.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற மைக் கில்லெஸ்பி, 1961-இல் டீடோவின் வாகையர் அணியில் ஆடியவர். 1998-இல் அவர் கல்லூரிக்குப் பன்னிரண்டாவது பட்டத்தை வாங்கித் தந்தார். அலுமினிய மட்டைகள் உச்சத்தில் இருந்த அந்த இறுதியாட்டத்தில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தை அவர்கள் வென்ற கணக்கு 21-14. அப்போது 84 வயதாகியிருந்த டீடோ மேலும் ஏழரை ஆண்டுகள் வாழ்ந்து 2006 ஜனவரியில் கிளெண்டேலில் காலமானார். பதின்மூன்றாவது பட்டம் அந்தக் கல்லூரிக்கு இன்னும் கிடைக்கவில்லை.