குழந்தைக்கு அபூர்வமான பெயரா? பதிவதற்கு முன் ரூமி எழுத்தையும் கவனியுங்கள்

குழந்தை பிறந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் தொடங்குவது பெயர்ப் பேச்சுதான். பாட்டி குலதெய்வத்தின் பெயரைச் சொல்வார். கோயில் ஐயர் நட்சத்திரத்திற்குரிய முதலெழுத்தைக் குறித்துக் கொடுப்பார். இளம் பெற்றோர் பலர் இப்போது யாழினி, குழலி, கயல்விழி, நன்மாறன் என்று நல்ல தமிழ்ப் பெயர்களைத் தேடுகிறார்கள். இது மகிழ்ச்சிக்குரிய மாற்றம்.

ஆனால், அந்தப் பெயரைக் கூப்பிடப் போகிறவர்கள் நாம் மட்டும் அல்லர். பாலர் பள்ளி ஆசிரியர், கிளினிக் தாதி, வங்கி அதிகாரி, நாளைய முதலாளி என்று தமிழ் தெரியாத பலரும் அதைக் கூப்பிடுவார்கள். கிளினிக்கில் பெயரை வாசிக்கத் தொடங்கிய தாதி பாதியில் நின்று, பிறகு அப்பாவின் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். இதற்காக நல்ல பெயரைக் கைவிட வேண்டியதில்லை. எங்கே சிக்கல் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

சிக்கல் பெயரிலா, எழுத்திலா?

நம் பிறப்புப் பத்திரத்திலும் மைகார்டிலும் பெயர் ரூமி எழுத்தில்தான் இருக்கிறது. தோட்டக் காலத்தில் கிராணியார் காதில் விழுந்ததை அவருக்குத் தெரிந்தபடி எழுதினார். அதனால் ஒரே லெட்சுமி பத்து விதமாக எழுதப்பட்டார். ஒரே குடும்பத்தில் அண்ணனின் பத்திரத்தில் அப்பா பெயர் ஒரு மாதிரியும், தம்பியின் பத்திரத்தில் வேறு மாதிரியும் இருந்ததால் சேமநிதி, நில விவகாரங்களில் அலைந்தவர்கள் உண்டு. இன்று எழுத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெற்றோர்களான நாம்தான். ஆனால் பெரும்பாலோர் ஆங்கில முறையில் எழுதுகிறோம். நாட்டில் அதைப் படிக்கும் பலரோ மலாய் முறையில் படிக்கிறார்கள். பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

மலாய் முறையில் எப்படிப் படிப்பார்கள்?

இரட்டை 'ஏ': நெடில் என்று காட்ட இரண்டு 'ஏ' போடுகிறோம். மலாயில் இரண்டு 'ஏ' வந்தால் இரண்டு அசை. 'மஆஃப்' (மன்னிப்பு) என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். அதனால் யாழினியின் 'யா' சிலர் வாயில் 'ய-அ' என்று உடைகிறது. எண்கணிதத்திற்காகக் கூடுதல் எழுத்து சேர்க்கும்போதும் இதே விளைவுதான். சோதிடர் கேட்கும் எண்ணோடு, வாசிப்பவர் நாக்கையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இரட்டை 'ஈ': ஆங்கிலத்தில் இது 'ஈ' ஒலி. மலாய் வாசிப்பில் 'எ-எ' ஆகிவிடும். நீளமான 'ஈ'க்கு ஒற்றை 'ஐ' எழுத்தே போதும்.

'என்-ஜி': மலாயில் இவ்விரண்டும் சேர்ந்தால் 'ங்' என்ற ஒலி மட்டுமே. 'க' ஒலி வேண்டுமானால் இன்னொரு 'ஜி' வேண்டும். 'தங்கா' (படி) என்ற மலாய்ச் சொல்லில் இரண்டு 'ஜி' இருப்பது இதனால்தான். மங்கை, சங்கீதா போன்ற பெயர்களில் 'க' தேய்ந்து போவதற்கும் இதுவே காரணம்.

'இ' என்ற ரூமி எழுத்து: மலாயில் இதற்கு இரண்டு ஒலி. 'மேரா' (சிவப்பு) என்பதில் தெளிவான ஒலி. 'செக்கோலா' (பள்ளி) என்பதில் விழுங்கிய அரை ஒலி. செல்வி, வெண்பா போன்ற பெயர்கள் எந்த ஒலியில் வாசிக்கப்படும் என்று சொல்ல முடியாது. இதை எழுத்தால் சரிசெய்ய வழியில்லை. வாயால் ஒருமுறை சொல்லிக் காட்ட வேண்டும்.

ழகரம் என்ன ஆகும்?

ழகரத்திற்கு ரூமியில் எழுத்தே கிடையாது. 'ஸெட்-எச்' என்று எழுதுவது தமிழறிந்தவர்களிடையே பரவியுள்ள வழக்கம். அதைக் கண்டவுடன் தமிழர் 'ழ' என்று புரிந்துகொள்வார். தமிழ் தெரியாதவரோ குழலியைக் 'குஸாலி' என்று வாசிப்பார். 'எல்' போட்டால் அவர் 'குலாலி' என்பார். அது நம் காதுக்குச் சற்று நெருக்கம், ஆனால் தமிழர் பார்வைக்கு ழகரம் மறைந்துவிடுகிறது. எது முக்கியம் என்பதைப் பெற்றோரே முடிவு செய்ய வேண்டும். எதைத் தேர்ந்தாலும் எல்லாப் பத்திரங்களிலும் அதையே எழுதுங்கள்.

மலாயில் வேறு பொருள் வருமா?

ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. மதி என்ற அழகான பெயரில் 'எச்' விடுபட்டால், மலாயில் 'இறந்த' என்ற பொருள் தரும் சொல்லாகிவிடும். 'எச்' சேர்த்து எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை. பாலா என்பதுபோல் ஒலிக்கும் மலாய்ச் சொல்லுக்குப் பேரிடர் என்று பொருள். ஆனாலும் நாட்டில் பாலா என்ற பெயருடையவர்கள் நிறைய. அந்தப் பெயர் எல்லாருக்கும் பழகிவிட்டது. இன்னொரு பக்கம் சூரியா, தேவி, பூமி போன்றவை வடமொழி வழியாக மலாயிலும் வழங்குவதால் அவை யாருக்கும் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

பதிவதற்கு முன் செய்ய வேண்டியவை

தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாள்களுக்குள் தேசியப் பதிவிலாகாவில் பதிய வேண்டும். முப்பதாம் நாள் சடங்கில் பெயர் சூட்டிய பிறகும் யோசிக்கக் கால அவகாசம் இருக்கிறது.

முதலில், பெயரை ரூமியில் இரண்டு மூன்று விதமாகத் தாளில் எழுதுங்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர், வேலையிடத்துச் சீன நண்பர் என்று தமிழ் தெரியாதவர்களிடம் காட்டி, நீங்கள் எதுவும் சொல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். எது நம் ஒலிக்கு அருகில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி'யுடன் அப்பாவின் பெயரும் சேர்த்து முழுப் பெயரையும் எழுதிப் பாருங்கள். அப்பாவின் பெயர் ஏற்கெனவே நீளமாக இருந்தால் பிள்ளைக்குச் சிறிய பெயர் வசதி. அப்பாவின் பெயரை அவருடைய மைகார்டில் உள்ளபடியே எழுத வேண்டும்.

கடைசியாக, பதிவு அதிகாரி தரும் விவரங்களைக் கையெழுத்திடும் முன் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். கூச்சப்பட வேண்டாம். பிறகு திருத்துவதற்குத் தனி விண்ணப்பம், ஆதாரங்கள், அலைச்சல் என்று நேரம் போகும். பிள்ளைக்கு 12 வயதில் மைகார்டு எடுக்கும்போதும் பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயர்தான் வரும்.

பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்

எவ்வளவு கவனமாக எழுதினாலும் யாராவது தவறாகக் கூப்பிடத்தான் செய்வார்கள். அப்போது பிள்ளை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். பல பிள்ளைகள் 'தாக் அபா, சிக்கு' (பரவாயில்லை, ஆசிரியரே) என்று விட்டுவிடுகிறார்கள். ஆறு வருடம் 'குஸாலி' என்று கேட்டுப் பழகிய பிள்ளை, பிறகு தானே தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளத் தொடங்குகிறது. வீட்டில் ஆசையாகத் தேடி வைத்த பெயர் வீட்டோடு நின்றுவிடுகிறது.

இதற்குப் பெரிய போராட்டம் தேவையில்லை. பள்ளியின் முதல் வாரத்தில் ஆசிரியரைச் சந்தித்துப் பெயரை அசை பிரித்து ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். 'க-யல்-வி-ழி' என்று மெதுவாகச் சொல்லவும், பணிவாகத் திருத்தவும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். பெயரைச் சுருக்குவதானால் வீட்டிலேயே 'கயல்' என்று சுருக்கிக் கொடுங்கள். பிறர் இஷ்டத்திற்கு விட்டுவிட வேண்டாம். தமிழ்ப் பள்ளிக்குப் போகாத பிள்ளையானால், தன் பெயரைத் தமிழில் எழுதவாவது கட்டாயம் கற்றுக்கொடுங்கள். அதன் பொருளையும் சொல்லுங்கள். பொருள் தெரிந்த பிள்ளை தன் பெயரைச் சொல்லக் கூச்சப்படாது.

அதேபோல் நாமும் மற்றவர்களின் பெயரைச் சரியாகச் சொல்ல முயல வேண்டும். சீன நண்பரின் பெயரை நாம் கேட்டுத் தெரிந்துகொண்டால், அவரும் நம் பிள்ளையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் துன் சம்பந்தன் பெயரில் ஒரு சாலையும், அதன் பக்கத்தில் ஒரு மோனோரயில் நிலையமும் உள்ளன. தினமும் எல்லா இனத்தவரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்கிறார்கள். யாரும் அதைக் கடினம் என்று ஒதுக்கவில்லை. உங்கள் வீட்டு யாழினியின் பெயரும் அப்படிப் பழகிவிடும், சொல்லிக் கொடுக்க நாம் சலிக்காமல் இருந்தால்.